இதயத்துக்குள் ஒரு பாதாளக் கரண்டி

கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் என்ன செய்வோம்? கிணற்றை இடிக்க மாட்டோம்!

சங்கராபுரம், கள்ளக்குறிச்சிப் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு கிணறு இருந்த காலத்தில், தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பாதாளக் கரண்டி என்றொரு சாமான் இருக்கும். ஒரு இரும்பு வளையம், அதைச் சுற்றித் தொங்கும் ஏகப்பட்ட கொக்கிகள். அவ்வளவுதான். கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, துழாவி, அலசி... ஏதாவது மாட்டியதும் மெள்ள இழுக்க வேண்டும். அறுந்த கயிற்றோடு வாளி மேலே வரும். சில சமயம் போன வருஷம் தொலைந்த சொம்பும் இலவச இணைப்பாக வரும்! இப்போது போர்வெல் காலம். இளசுகளுக்கு அந்தச் சாமானின் பெயரே தெரியாது.

சரி, கிணற்றுக்குப் பதிலாக மனித இதயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விழுந்திருப்பது ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. அல்லது அறுந்துபோன ஒரு கம்பி. தண்ணீர் அசையாமல் நிற்கிற கிணறு இல்லை இது. நிமிஷத்துக்கு எழுபது தடவை குலுங்கிக்கொண்டிருக்கிற கிணறு. நெஞ்சைப் பிளக்காமல் அந்தத் துண்டை வெளியே எடுக்க முடியுமா?

முடியும். 1964 முதல் முடிகிறது. ஆனால், அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதை இருக்கிறதே... அதில் மேஜையோடு கட்டிப்போடப்பட்ட ஒரு நர்ஸ், ஒரு வேலைநீக்கம், ஒரு உலகப்போர், ஒரு நோபல் பரிசு எல்லாமே உண்டு.

முதலில் ஒரு நியாயமான கேள்வி. கையிலோ, கழுத்திலோ சொருகிய குழாய் உடைந்தால், துண்டு ஏன் வேலைமெனக்கெட்டு இதயத்துக்குப் போக வேண்டும்?

கல்வராயன் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். மலைமேல் எந்த ஓடையில் ஒரு சருகு விழுந்தாலும் அது கீழ்நோக்கித்தான் போகும். ஓடை பெரிதாகி கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் சமவெளிக்கு இறங்கும். கடைசியில் வெள்ளாற்றோடு சேர்ந்து கடலுக்கு. போகப் போக ஆறு அகலமாகிக்கொண்டே வருவதால் சருகு எங்கேயும் சிக்கி நிற்காது. நம் உடம்பில் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகளும் அப்படித்தான். (ஊசி போடும்போது 'நரம்பு கிடைக்கல' என்று நர்ஸம்மா தேடுகிறாரே, அதுதான் சிரை. நரம்பு வேறு சமாசாரம்.) கையில் மெல்லிசாக ஆரம்பித்து, தோளில் பருத்து, நெஞ்சுக்குள் கட்டைவிரல் தடிமனைத் தாண்டி, இதயத்தின் வலது மேலறையில் கொண்டுவிடும். வழியில் தடுக்க ஒன்றும் கிடையாது. நழுவிய துண்டு நேரே இதயத்துக்கு வரும். அங்கேயும் நிற்காவிட்டால் வலது கீழறை, அதையும் தாண்டினால் நுரையீரலுக்குப் போகும் தமனி. அதற்கப்புறம்தான் குழாய்கள் குறுக ஆரம்பிக்கும். துண்டு அங்கே செருகிக்கொள்ளும்.

கையில் நுழைத்தால் இதயத்துக்குப் போகலாம் என்ற இதே பாதையை ஒருவர் வேண்டுமென்றே பயன்படுத்திப் பார்த்தார். தன் உடம்பிலேயே!

1929. பெர்லினுக்கு வடகிழக்கே எபர்ஸ்வால்டே என்ற சின்ன ஊர். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர் வெர்னர் ஃபோர்ஸ்மன். வயசு இருபத்தைந்துகூட முழுசாக ஆகவில்லை. அவர் தலையில் ஓர் எண்ணம் குடைந்துகொண்டே இருந்தது. குதிரையின் கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்குள் குழாய் செலுத்தி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்திருக்கிறார்கள். குதிரை சாகவில்லை. அப்படியானால் மனிதனுக்கு ஏன் கூடாது? உயிர் போய்க்கொண்டிருக்கும் நோயாளிக்கு மார்பில் ஊசியைக் குத்தி மருந்து செலுத்துவதைவிட, கை வழியாக நேரே இதயத்துக்கே மருந்தை அனுப்பிவிடலாமே?

தலைமை மருத்துவர் ஷ்னைடரிடம் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. இதயம் என்றால் தொடக்கூடாத கர்ப்பகிரகம் என்று டாக்டர்கள் நினைத்திருந்த காலம் அது.

ஃபோர்ஸ்மன் விடுகிற ஆசாமி இல்லை. கருவிகள் இருக்கும் அலமாரியின் சாவி, கெர்டா டிட்ஸன் என்கிற ஆபரேஷன் தியேட்டர் நர்ஸிடம் இருந்தது. நாள்கணக்கில் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து, தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசிப் பேசியே கரைத்துவிட்டார். கெர்டா சாவியைத் தரச் சம்மதித்ததோடு நிற்கவில்லை, 'என் உடம்பிலேயே செய்து பாருங்கள்' என்றும் முன்வந்தார். இந்தப் பெண்ணின் துணிச்சலை மருத்துவ வரலாறு போதுமான அளவு பாராட்டவில்லை என்பது என் கட்சி.

ஃபோர்ஸ்மன் அவரை மேஜையில் படுக்கவைத்து கை கால்களைக் கட்டினார். கையில் அயோடின் தடவினார். அப்புறம் அவர் கண்ணில் படாதபடி ஒதுங்கி, தன்னுடைய இடது முழங்கை மடிப்பை மரத்துப்போகச் செய்து, கீறி, சிரையைத் திறந்து, சிறுநீர்க்குழாய்க்காகத் தயாரிக்கப்பட்ட 65 சென்டிமீட்டர் நீளமுள்ள ரப்பர் குழாயை உள்ளே தள்ள ஆரம்பித்துவிட்டார். முப்பது சென்டிமீட்டர் உள்ளே போன பிறகுதான் கெர்டாவுக்கு விஷயமே தெரிந்தது. கோபம் வராமல் இருக்குமா? ஆனால், சண்டை போட நேரம் இல்லை. கட்டை அவிழ்த்ததும் இருவரும் கிளம்பினார்கள். எக்ஸ்ரே அறை கீழ்த்தளத்தில். கையிலிருந்து குழாய் தொங்க, அந்த மனிதர் படி இறங்கி நடந்தே போனார்! அங்கே ஓடிவந்த நண்பர் ஒருவர் குழாயைப் பிடுங்கப் பார்க்க, ஃபோர்ஸ்மன் அவரைக் காலால் உதைத்துத் தள்ளியதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கண்ணாடியில் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே மீதிக் குழாயையும் தள்ளினார். முனை இதயத்தின் வலது பக்கத்துக்குள் போய் நின்றது. ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஆதாரம் வேண்டுமே!

செத்துப்போகவில்லை. ஆனால், வேலை போயிற்று. கட்டுரை வெளியான பின், பெர்லினின் புகழ்பெற்ற ஷாரிட்டே ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை மேதை சாவர்புருக் அவரை வெளியேற்றினார். இதெல்லாம் சர்க்கஸ் வித்தை, வைத்தியம் அல்ல என்பது அங்கே நிலவிய அபிப்பிராயம். ஃபோர்ஸ்மன் இதயத்தையே விட்டுவிட்டு சிறுநீரக மருத்துவராகிப் போனார். 1932-ல் நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், துணிச்சல்காரர் என்பதற்காக மறைத்துவிட முடியாது. போரில் ராணுவ டாக்டர், பிறகு அமெரிக்கர்களிடம் கைதி, விடுதலையானதும் கொஞ்ச காலம் மரம் வெட்டும் பிழைப்பு. இதற்கிடையே, அவருடைய பழைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டு நியூயார்க்கின் பெல்வியூ ஆஸ்பத்திரியில் கூர்நாண்ட், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் 1940-களில் இதயத்துக்குள் கதீட்டர் செலுத்தும் முறையை ஒழுங்கான விஞ்ஞானமாகவே வளர்த்திருந்தார்கள். 1956-ல் மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு. அப்போது ஜெர்மனியின் ஒரு சிற்றூரில் டாக்டராக இருந்த ஃபோர்ஸ்மன், கிராமத்துப் பாதிரியாரைத் திடீரென்று பிஷப்பாக்கிவிட்டது போலிருக்கிறது என்றார்.

கதீட்டர் இதயத்துக்குள் போய்விட்டது. ஆனால், எதையும் எடுத்துவர அதற்கு இன்னும் தெரியாது. அந்த நாளில் இதயத்துக்குள் ஏதாவது மாட்டினால் ஒரே வழி, நெஞ்சைத் திறப்பதுதான். இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தில் இருந்த அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரியில், ட்வைட் ஹார்க்கன் என்ற இளம் சர்ஜன் அதைத்தான் செய்தார். இதயத்திலும் அதைச் சுற்றியும் குண்டுச் சிதறல்கள் புகுந்த சிப்பாய்கள். இதயத்தை நிறுத்திவைக்கும் எந்திரமெல்லாம் அப்போது கிடையாது. துடிக்கிற இதயத்தில் தையல் போட்டு வளைத்துப் பிடித்து, நடுவே கீறி, இடுக்கியை விட்டுப் பிடுங்க வேண்டும். பீறிடும் ரத்தத்தை விரலால் அடைத்துத் தையலை இறுக்க வேண்டும். ஒரு துண்டு ஷாம்பெயின் பாட்டில் கார்க் மாதிரி தெறித்து வெளியே வந்ததாக மனைவிக்கு எழுதினார். மொத்தம் 134 துண்டுகள். அவற்றில் 13 இதய அறைகளுக்கு உள்ளேயே இருந்தவை. ஒருவர்கூட இறக்கவில்லை! இதயம் கர்ப்பகிரகம் என்ற நம்பிக்கை உடைந்தது அங்கேதான்.

ஆனால் எல்லா ஊரிலும் ஹார்க்கன் இருக்க மாட்டார் அல்லவா?

போர் முடிந்ததும் பிளாஸ்டிக் வந்தது. எதிரியின் குண்டு போய், டாக்டர்களே இதயத்துக்குள் சாமான்களைத் தொலைக்கும் காலம் ஆரம்பமானது!

குளுக்கோஸ் ஏற்ற மெல்லிய பாலிதீன் குழாய். தடித்த ஊசியைச் சிரையில் குத்தி, அந்த ஊசியின் துவாரம் வழியாகவே குழாயை உள்ளே விடுவார்கள். இதில் ஒரு கண்ணி இருந்தது. குழாய் சரியாகப் போகவில்லை என்று கொஞ்சம் பின்னால் இழுத்தால், ஊசியின் கூர்மையான விளிம்பு கத்தி மாதிரி குழாயை நறுக்கிவிடும். நறுக்கிய துண்டு, நம் ஓடைச் சருகு கதைதான். குழாய் முழுசாகவே நழுவி உள்ளே போவதும் உண்டு. 1954-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் டர்னர், சோமர்ஸ் என்ற இரு டாக்டர்கள் ஒரு மரணத்தைப் பதிவு செய்தார்கள். முழங்கைச் சிரையில் சொருகிய பாலிதீன் குழாய் வலது மேலறைக்குப் போய்விட்டது. நோயாளி பிழைக்கவில்லை.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் கையில் குத்துகிறார்களே வென்ஃப்ளான், அதைக் கவனித்துப் பாருங்கள். ஊசி உள்ளே, பிளாஸ்டிக் வெளியே. குத்தியதும் ஊசியை உருவி எடுத்துவிடுவார்கள். 1950-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் உருவான இந்தத் தலைகீழ் அமைப்பு பரவப் பரவ, குழாய் நறுக்கப்படும் ஆபத்து வெகுவாகக் குறைந்தது. 1953-ல் ஸ்வீடனைச் சேர்ந்த செல்டிங்கர் இன்னொரு வழி காட்டினார். ஊசி வழியாக முதலில் மெல்லிய கம்பி, பிறகு ஊசியை எடுத்துவிட்டு அந்தக் கம்பியின் மேலேயே கதீட்டரைச் சறுக்கி உள்ளே அனுப்புவது. உலகம் முழுக்க இன்றும் இதே முறைதான். ஆனால், கம்பியும் அறுந்துபோகலாம், கைநழுவலாம் இல்லையா?

நழுவியது. 1964-ல் அமெரிக்காவில் ஒரு நோயாளியின் வலது மேலறையிலும் கீழ்ப் பெருஞ்சிரையிலுமாக ஒரு சுருள்கம்பித் துண்டு மாட்டிக்கொண்டது. தாமஸ் என்பவரும் அவர் சகாக்களும் நெஞ்சைத் திறக்கவில்லை. மூச்சுக்குழாய்க்குள் விட்டு எடுப்பதற்காகச் செய்த இடுக்கி ஒன்று இருந்தது. அதைக் கால் பக்கத்துச் சிரை வழியாக மேலே ஏற்றி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே கம்பியைக் கவ்வி வெளியே இழுத்துவிட்டார்கள். உள்ளே போன வழியிலேயே வெளியே!

பெரிய கண்டுபிடிப்பு என்று யாரும் தம்பட்டம் அடிக்கவில்லை. மருத்துவ இதழில் மூன்றே பக்கம். ஆனால், ஃபோர்ஸ்மன் திறந்த பாதை இருவழிப் பாதை என்று அன்றைக்குத்தான் நிரூபணமானது.

இடுக்கி விறைப்பானது. இதயச் சுவரைக் கிழித்துவிட்டால்? 1967-ல் மசூமி, ராஸ் என்ற இருவர் அதைவிட சாதுவான உபாயம் ஒன்றைச் சொன்னார்கள். நம்மூர்ப் பையன்கள் தென்னை ஈர்க்குச்சி முனையில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்பார்களே, சாட்சாத் அதேதான்! மெல்லிய கம்பியை இரண்டாக மடித்து கதீட்டருக்குள் விட்டால், மறுமுனையில் வளையமாக விரியும். துண்டு வளையத்துக்குள் வந்ததும் கதீட்டரை முன்னால் தள்ளினால் சுருக்கு இறுகும். பிறகு மொத்தத்தையும் உருவிக்கொண்டு வரவேண்டியதுதான். இன்னும் சிலர், சிறுநீர்ப்பாதைக் கல்லை எடுக்க டோர்மியா என்ற இத்தாலியர் செய்திருந்த கம்பிக்கூடையை இதயத்துக்குள் அனுப்பினார்கள். சிறுநீர்க்குழாயை வைத்து ஃபோர்ஸ்மன் ஆரம்பித்த ஆட்டத்தில், மறுபடியும் சிறுநீரகத் துறைதான் சாமான் கடன் கொடுத்தது பாருங்கள்!

1971-ல் சார்லஸ் டாட்டர் என்ற அமெரிக்கர், சகாக்களோடு சேர்ந்து, இப்படிக் குழாய் வழியாகவே துண்டுகளை எடுத்த 29 சம்பவங்களைத் திரட்டி வெளியிட்டார். கால் ரத்தக்குழாய் அடைப்பை 1964-ல் கதீட்டராலேயே முதன்முதலில் விரித்தவர் இவர். 'கிறுக்கு சார்லி' என்று பட்டப்பெயர். ஆனால், அவர் சொன்னபிறகு இது ஒரு தடவை அதிர்ஷ்டத்தில் நடந்த விஷயம் என்று யாரும் ஒதுக்க முடியவில்லை.

பழைய சுருக்கில் ஒரு குறை இருந்தது. வளையம் ரத்தக்குழாயின் நீளவாக்கிலேயே படுத்துக்கொள்ளும். துண்டு பக்கத்தில் நழுவிப் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு விடை வந்தது அமெரிக்கக் கடற்படையிலிருந்து! அவர்களுடைய ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் என்பவர் நிக்கலையும் டைட்டானியத்தையும் கலந்து நிட்டினால் என்ற உலோகத்தை உருவாக்கியிருந்தார். எப்படிக் கசக்கினாலும் தன் பழைய உருவத்தை மறக்காத உலோகம். அந்தக் கம்பியில், கழுத்துக்குச் செங்குத்தாக மடிந்து நிற்கும் ஒரு வளையத்தைச் செய்தார்கள். வாத்துக் கழுத்துச் சுருக்கு என்று பெயர். ஆம்ப்ளாட்ஸ் என்ற மினசோட்டா பேராசிரியரின் பெயரில் 1990-களில் பரவியது. கதீட்டருக்குள் சுருங்கிக் கிடக்கும். வெளியே வந்ததும் ரத்தக்குழாயின் அகலம் முழுவதையும் அடைத்தபடி வட்டமாக விரிந்து நிற்கும். துண்டின் நுனி தப்ப முடியாது. வளையத்துக்குள் புகுந்தே ஆக வேண்டும்.

நம் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது?

டர்னரும் சோமர்ஸும் அந்த மரணத்தைப் பதிவு செய்த அதே 1954-ல்தான் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் இதய கதீட்டர் ஆய்வகம் ஒன்று தொடங்கியது. வட இந்தியாவில் அதுதான் முதல். தொடங்கியவர் சிவராமகிருஷ்ண அய்யர் பத்மாவதி. பர்மாவில் பிறந்த தமிழ்ப் பெண். 1942-ல் ஜப்பான்காரர்கள் வந்தபோது குடும்பத்துப் பெண்களோடு தப்பி கோயமுத்தூருக்கு வந்தவர். பிறகு லண்டன், அமெரிக்கா என்று படித்துத் திரும்பியவர். 2020 ஆகஸ்டில், தன் நூற்றிமூன்றாவது வயதில், கொரோனாவால் மறைந்தார். தெற்கே வேலூர் சி.எம்.சி.யில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்கர் 1949-லேயே நெஞ்சறுவைத் துறையை ஆரம்பித்திருந்தார். இந்தியாவின் முதல் திறந்த இதய அறுவை சிகிச்சைகளில் ஒன்று 1961-ல் அங்கே நடந்தது. 1986-ல் சென்னை அப்போலோவில் மாத்யூ சாமுவேல் களரிக்கல் நாட்டின் முதல் கரோனரி ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். அவர் 2025-ல் காலமானார். ஆஞ்சியோபிளாஸ்டி பரவியதும் ஊர் ஊராக கேத் லேப் வந்தது. கேத் லேப் வந்தால் சுருக்குக் கம்பியும் அலமாரிக்கு வந்துவிடும்.

இதை சங்கராபுரத்துக்காரர் கண்ணால் பாருங்கள். தென்னாற்காடு மாவட்டமாக இருந்து, 1993-ல் விழுப்புரமாகி, 2019-ல் கள்ளக்குறிச்சியாகி, விலாசம் மட்டும்தான் மாறிக்கொண்டிருந்தது. அறுபதுகளில் அங்கே ஒருவருக்கு இதயத்துக்குள் குழாய் போய்விட்டதென்றால்... முதலில் அது போனதே தெரிந்திருக்காது. தெரிந்தாலும் வேலூருக்கோ சென்னைக்கோ போய் நெஞ்சைத் திறந்துகொள்ள வேண்டும். மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்துக் குக்கிராமம் என்றால் சொல்லவே வேண்டாம். பஸ்ஸைப் பார்க்கவே மலை இறங்க வேண்டும். இன்று மாவட்டத் தலைநகரில், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரிய காரியம் என்றால் பாண்டிச்சேரி ஜிப்மர். 2009-ல் தொடங்கி, பெயர் மாறி இன்றும் தொடரும் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் இதய சிகிச்சைகள் பலவும் வருகின்றன.

யாருக்கெல்லாம் இந்தச் சுருக்கு தேவைப்படுகிறது தெரியுமா? முக்கியமாக கேன்சர் நோயாளிகளுக்கு. மாதக்கணக்கில் மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சுத் தோலுக்கடியில் 'போர்ட்' என்று ஒரு சிறு பெட்டி வைத்து, அதிலிருந்து ஒரு குழாயை இதயத்துக்கு அருகே விட்டிருப்பார்கள். அந்தக் குழாய் கழுத்துப்பட்டை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே போகும்படி அமைந்துவிட்டால் வம்பு. கையைத் தூக்கி இறக்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு எலும்பும் பாக்குவெட்டி மாதிரி குழாயைக் கடிக்கும். ஒருநாள் துண்டாகிவிடும். வலிக்கக்கூட வலிக்காது. மருந்து ஏறவில்லையே என்று எக்ஸ்ரே எடுத்தால், பாதிக் குழாய் இதயத்துக்குள்! அடுத்து, டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்டுக்கொள்பவர்கள். செல்டிங்கர் கம்பியின் வால்நுனியை எந்த நேரமும் கையில் பிடித்திருக்க வேண்டும் என்பது பயிற்சி டாக்டருக்குச் சொல்லித்தரும் அரிச்சுவடி. அவசரத்தில் ஒரு விநாடி விட்டால் கம்பி முழுசாக உள்ளே போய்விடும். பல மாதம், வருஷம் கழித்து வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் கம்பி தென்பட்டதாக மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. இதயத்தில் ஓட்டையை அடைக்க வைக்கும் குடை போன்ற சாதனம் இடம்பெயர்ந்து நழுவுவதும் உண்டு.

ஏற்கெனவே நோயில் நொந்திருப்பவரிடம் 'குழாய் உடைஞ்சு இதயத்துக்குள்ள போயிடுச்சு' என்று சொன்னால் எப்படி இருக்கும்? குடும்பமே கலங்கிப்போகும். சும்மா விட்டுவைக்கவும் முடியாது. துண்டைச் சுற்றி ரத்தம் உறையலாம், கிருமி பிடிக்கலாம், துடிப்பு தாறுமாறாகலாம், நுனி சுவரைக் குத்தலாம். உடனே சொல்லிவிட வேண்டும், மூடி மறைக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாள் ஆக ஆக துண்டு இதயச் சுவரோடு சதை மூடி ஒட்டிக்கொள்ளும். பல வருஷம் ஊறிய பேஸ்மேக்கர் ஒயரை எடுப்பதில் இதுதான் தலைவலி. சில சமயம் லேசரால் உரித்தெடுக்க வேண்டியிருக்கும். வெளியிலிருந்து குத்தி இதயச் சுவரில் நட்டுக்கொண்டு நிற்கும் ஊசி, இடது பக்க அறைகளில் ரத்தக்கட்டியோடு கிடக்கும் துண்டு... இதற்கெல்லாம் சுருக்கை நம்பாமல் நெஞ்சைத் திறப்பதே மேல் என்று சர்ஜனைக் கூப்பிட்டுவிடுவார்கள். இடது பக்கத்தில் ஒரு துணுக்கு தெறித்தாலும் அடுத்த ஸ்டாப் மூளை!

வலது பக்கத்தில், புதிதாக மாட்டிய துண்டு என்றால் காரியம் பெரும்பாலும் சுலபம். நோயாளியைப் படுக்கவைத்து, தொடை மடிப்பில் மட்டும் மரத்துப்போக ஊசி. விழித்துக்கொண்டேதான் இருப்பார், பேச்சுக்கொடுக்கலாம். சிரையில் துளை போட்டு வளையத்தை மேலே அனுப்புவார்கள். திரையில் இதயம் சாம்பல் நிழலாக அசையும். அதற்குள் துண்டு மீன் மாதிரி துள்ளும். இதயம் ஒரு தடவை விரியும்போது நுனி வளையத்துக்குள் வரும். அந்தக் கணத்தில் இறுக்க வேண்டும். முதல் முயற்சியிலேயே மாட்டுவதும் உண்டு, முப்பது தடவை தப்புவதும் உண்டு. நடுவில் பிடித்தால் துண்டு இரண்டாக மடிந்து வரும். சின்னத் துளை போதாமல், தொடையில் கொஞ்சம் பெரிதாகக் கீற வேண்டியிருக்கும். நுனியில் பிடித்தால் வழவழவென்று வந்துவிடும். துளையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சில நிமிஷம் நிற்பார்கள். காலை மடக்காமல் சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும்.

அதற்குள் பக்கத்து மேஜையில், ரத்தம் துடைத்த அந்தத் துண்டை நீட்டிவைத்து, ஸ்கேலால் அளந்துகொண்டிருப்பார்கள். போன நீளமும் வந்த நீளமும் சரியாக இருக்க வேண்டும். குறைந்தால், மறுபடியும் எக்ஸ்ரே திரை ஓடும்.